மாதத்துக்கு ஒரு சின்னச் சவால்: போயாவிலிருந்து போயா வரை

நான் திருகோணமலையில் தையல் வேலை செய்கிறவள். வீடு பாலையூற்றில், மெஷின் போட்டிருக்கும் சின்னக் கடை மத்திய வீதிப் பக்கம். சட்டை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் நின்று கதைத்துவிட்டுத்தான் போவார்கள். அப்படிக் கதைக்கும்போது நிறையப் பேர் சொல்வது ஒன்றுதான்: "அக்கா, எனக்கு என்ன செய்யுது என்றே விளங்கேல்ல. நித்திரை வரேல்ல, சும்மா சும்மா கோபம் வருது." அவர்களுக்கு நான் சொல்லும் வழி, மாதத்துக்கு ஒரு சின்னச் சவால் எடுத்துச் செய்து பார்ப்பது. சில வருடங்களாக நானும் அப்படித்தான் செய்து வருகிறேன். அதை எப்படிச் செய்வது என்று இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இதை எதற்காகச் செய்கிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். தினமும் செய்கிற ஒரு காரியத்தில் ஒரேயொரு சின்ன மாற்றம் வைத்தால், அதைச் சுற்றி ஒளிந்திருந்த எல்லாம் தெரியத் தொடங்கும். எந்த நேரத்தில் களைக்கிறோம், யாரோடு கதைத்தபின் மனம் பாரமாகிறது, பசி எப்போது கோபமாக மாறுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். அதைப் பார்ப்பதுதான் இந்த மாதத்தின் வேலை. பழக்கம் மாறினால் சந்தோஷம். மாறாவிட்டாலும் உங்களைப் பற்றி முன்பு தெரியாத ஒன்று கொப்பியில் எழுதப்பட்டிருக்கும்.

ஏன் போயா

நான் முதலாம் திகதியில் தொடங்குவதில்லை. முதலாம் திகதி என்றால் வாடகை, சீட்டுக்காசு, கடைக் கணக்கு என்று தலைக்குள் வேறு கணக்கு ஓடும். ஒரு போயாவில், அதாவது பூரணை நாளில், தொடங்கி அடுத்த போயாவில் முடிக்கிறேன். இரண்டு பூரணைகளுக்கு இடையில் 29 அல்லது 30 நாள் வரும். ஒரு சவாலுக்கு அது அளவான காலம். போயா நாட்டுக்கே விடுமுறை. கடை பூட்டு, பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் இல்லை. கொப்பியை எடுத்து ஆறுதலாக வாசிக்க நேரம் கிடைக்கும்.

நாள் குறித்து ஒன்றைக் கட்டிக் காப்பது எங்கள் சனத்துக்குப் புதிய விஷயம் இல்லை. கந்தசஷ்டிக்கு 6 நாள், கேதார கௌரிக்கு 21 நாள், கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் 40 நாள், முஸ்லிம்களுக்கு நோன்பு மாதம். அந்தக் கட்டுப்பாட்டைச் சாதாரண மாதமொன்றில் ஒரு சின்ன விஷயத்துக்கு வைத்துப் பார்க்கிறோம், அவ்வளவுதான். விரதத்தில் தவறினால் மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். இதில் தவறினால், ஏன் தவறியது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

முதலில் மூன்று நாள் அளவு எடுங்கள்

சவாலுக்கு முந்திய மூன்று நாளில் எதையும் மாற்றாதீர்கள். அளவு மட்டும் எடுங்கள். பிளவுஸ் தைக்கும்போது தோள், கை, மார்பு, இடை என்று நாடா வைத்து எழுதிக்கொண்ட பிறகுதானே துணியில் கத்தரிக்கோல் வைக்கிறோம்? போன வருட அளவை நம்பி வெட்டினால் துணி வீணாகும். நம்மைப் பற்றி மனதில் வைத்திருக்கும் அளவும் பெரும்பாலும் எப்போதோ எடுத்ததுதான்.

சீனியைக் குறைக்க நினைத்தால், ஒரு நாளைக்கு எத்தனை தேக்கரண்டி போகிறது என்று எண்ணி எழுதுங்கள். போன் பார்ப்பதைக் குறைக்க நினைத்தால், எத்தனை மணித்தியாலம் பார்த்தீர்கள் என்று போனின் செட்டிங்ஸே காட்டும், அதைப் பாருங்கள். நித்திரை என்றால் படுத்த நேரம், எழும்பிய நேரம். குத்துமதிப்பாக எழுதக்கூடாது. "நான் பெரிசா போன் பார்க்கிறதில்லை" என்று சொல்கிறவரிடம் அந்த எண்ணைக் காட்டும்போது முகத்தில் வரும் மாற்றம் இருக்கிறதே, சவாலில் பாதி அங்கேயே நடந்து முடிந்துவிடும்.

விதி ஒரு வரிதான்

"இந்த மாதம் ஆரோக்கியமாக இருப்பேன்" என்றால் அது விதி ஆகாது. "கடை பூட்டியதும் டச்பே கடற்கரைக்கு நடந்து போய்விட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்" என்றால் அது விதி. எப்போது, எங்கே, என்ன செய்வேன் என்பது மூன்றும் அந்த ஒரு வரிக்குள் வந்துவிட வேண்டும். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் ஆய்வாளர் 1999இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவெடுத்து வைத்திருப்பவர்கள், வெறுமனே செய்ய ஆசைப்படுகிறவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பது அதன் சாரம்.

விதியின் அளவுக்கு எனக்கு ஒரு சோதனை இருக்கிறது. தீபாவளிக்கு முதல் நாள் இரவு, ஆட்கள் வாசலில் சட்டைக்குக் காத்து நிற்கும்போதும் இதைச் செய்ய முடியுமா? முடியாது என்றால் அது பெரிய விதி, பாதியாகக் குறைக்க வேண்டும். உங்களுக்கு அந்த நாள் வேறாக இருக்கும். ஆசிரியைக்குச் சோதனைத்தாள் திருத்தும் வாரம், மீன் வியாபாரிக்கு வள்ளம் பிந்தி வந்த நாள். உங்கள் வாழ்க்கையில் மிக நெருக்கமான நாளை நினைத்து விதியை எழுதுங்கள்.

ஒரு மாதத்துக்கு ஒரு விதிதான். நடையும் சீனியும் போனும் சேர்த்து எடுத்தால், எதனால் எது மாறியது என்று பிறகு கண்டுபிடிக்க ஏலாது.

கொப்பி

40 பக்கக் கொப்பி ஒன்று போதும். போனில் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. எழுதத் திறந்தால் வட்ஸ்அப் வந்து குறுக்கே நிற்கும். தினமும் படுக்க முன் ஒரே வரியில் மூன்று விஷயம் எழுதுங்கள்: செய்தேனா, உடம்பு எப்படி, மனம் எப்படி. அன்றைக்கு வழமைக்கு மாறாக ஏதும் நடந்திருந்தால் அதையும் சேர்க்கலாம். அழகாக எழுதத் தேவையில்லை.

நடை மாதத்தில் என் கொப்பியில் இருந்த சில வரிகள் இவை:

திங்கள். நடந்தேன். உடம்பு லேசு. மனம் சரி.
செவ்வாய். நடக்கவில்லை, மூன்று பிளவுஸ் அவசரம். கழுத்து இறுக்கம். மகனை ஏசினேன்.
புதன். நடந்தேன். கழுத்து இறுக்கம். மனம் பரவாயில்லை.
வியாழன். நடக்கவில்லை, மழை. கழுத்து சரி. பகல் முழுக்கக் கரண்ட் இல்லை, கையால் விளிம்பு தைத்தேன்.

செவ்வாயை மட்டும் பார்த்தால் நடக்காததால் கழுத்து நோகிறது என்று தோன்றும். ஆனால் புதன்கிழமை நடந்தும் நொந்திருக்கிறது, வியாழக்கிழமை நடக்காமலே நோ இல்லை. போயா அன்று எல்லா வரியையும் ஒன்றாக வாசித்தபோதுதான் விஷயம் வெளிச்சமானது. கரண்ட் இல்லாத நாளில் மெஷின் ஓடாது. எழும்பி, வாசலில் நின்று, வெளிச்சம் இருக்கும் இடத்துக்கு மாறி மாறி இருந்து தைப்பேன். கழுத்தை இறுக்கியது மெஷினில் எழும்பாமல் இருந்த இருப்பு. கழுத்து நொந்த நாள்களில்தான் வீட்டில் ஏச்சும் அதிகம் என்று கொப்பி சொன்னது.

அடுத்த மாதத்தின் சவால் அங்கேயே பிறந்துவிட்டது: பொபின், அதாவது மெஷினுக்கு அடியில் போடும் சின்ன நூல் உருளை, அதில் நூல் முடிந்தால் எழும்ப வேண்டும். தைக்கிறவர்களுக்குத் தெரியும், பொபினை இருந்த இடத்திலேயே மாற்றிவிட்டுத் தொடர்ந்து தைக்கலாம். அந்த மாதம் மாற்றுவதற்கு முன் எழும்பி வாசல் வரை போய், ஒரு மிடறு தண்ணீர் குடித்து, றோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்து இருப்பேன். மணிக்கூடு பார்க்கத் தேவையில்லை, நூலே ஞாபகப்படுத்தும். நான் எதிர்பாராத இன்னொன்றும் அந்த மாதத்தில் கண்ணில் பட்டது. பிளவுஸின் கழுத்து வளைவைத் தைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு தைக்கிறேன். வளைவு முடிந்த பிறகுதான் மூச்சு விடுகிறேன். இத்தனை வருடம் தைத்தும் இது எனக்குத் தெரியாது. இப்போது வளைவு வந்தால் தோளைத் தளர்த்தி மூச்சை விட்டுவிட்டுத்தான் மெஷினை மிதிப்பேன்.

இப்படித்தான் ஒரு மாதத்தின் கொப்பி அடுத்த மாதத்தின் விதியைத் தரும். வருடத் தொடக்கத்திலேயே 12 சவாலுக்குப் பட்டியல் போட வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

சீனி மாதம்

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். எண்ணுவதற்கு இலேசானது. வளர்ந்த ஒருவர் ஒரு நாளைக்கு எடுக்கும் சேர்க்கப்பட்ட சீனி சுமார் 25 கிராமுக்குள், அதாவது 6 தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம்முடைய கணக்கைப் பார்ப்போம். நாளைக்கு 5 பிளேன்டீ, ஒவ்வொன்றிலும் 2 கரண்டி என்றால் அதிலேயே 10 கரண்டி. பணிஸ், பிஸ்கட், சோடா இன்னும் கணக்கில் வரவில்லை. சீனி போடாமல் பனங்கட்டியைக் கடித்துக் குடிக்கிறேன் என்று சொல்கிறவர்களும் அதை எழுத வேண்டும், உடம்புக்கு அதுவும் சீனிதான்.

ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள். 2 கரண்டி குடிப்பவர் முதல் வாரம் ஒன்றரை, இரண்டாம் வாரம் 1, மூன்றாம் வாரம் அரை என்று இறங்கினால் நாக்கு கூடவே இறங்கி வரும். அதோடு, எந்தத் தேத்தண்ணீரில் குறைக்கத்தான் மனம் வருவதில்லை என்று கவனியுங்கள். பலருக்கு அது பின்னேர நாலு மணித் தேத்தண்ணீர். அந்த நேரத்தில் தேவைப்படுவது இனிப்பா, இல்லை வேலையை விட்டுவிட்டு ஒருவரோடு இருந்து கதைப்பதா? அதைக் கண்டுபிடித்தால் சீனிக் கணக்கைவிடப் பெரிய விஷயம் கையில் கிடைத்ததாக அர்த்தம்.

சீனி வருத்தத்துக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள், பிரஷர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் சாப்பாட்டில் கை வைக்கு முன் கிளினிக்கில் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மருந்தை விடுவதை ஒருபோதும் சவாலாக எடுக்காதீர்கள்.

எங்கள் ஊருக்கு எந்த மாதம் எது

வேறு ஊர்க்காரர் சொல்லும் பட்டியல் இங்கே பொருந்தாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் மழை கொட்டும். அப்போது நடைச் சவால் எடுத்தால் வாரத்தில் பாதி நாள் குடையோடு வாசலில் நிற்க வேண்டியதுதான். அந்தக் காலத்துக்கு வீட்டுக்குள் செய்யும் சவால் எடுங்கள்: நேரத்துக்குப் படுப்பது, ஒரு அலுமாரித் தட்டைத் தினமும் ஒதுக்குவது, வாசிப்பது. மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் ஊரே விடிய முன் எழும்பும், எழும்பும் பழக்கத்துக்கு அதைவிட நல்ல துணை கிடைக்காது.

சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை கடல் அமைதியாக இருக்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இருப்பவர்கள் விடியக் கடலில் குளிப்பதையே சவாலாக எடுக்கலாம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக வீசும். அப்போது தண்ணீர் குடிப்பதை எண்ணலாம். நடக்கிறவர்கள் வெயில் ஏற முன், கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறி இறங்கலாம். வழியில் மான்கள் மேய்ந்துகொண்டு நிற்கும், பாதி ஏற்றத்தில் கடல் காற்று முகத்தில் அடிக்கும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேக நடை போன்ற அசைவு வேண்டும் என்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம் நடந்தால் சரி.

உங்கள் தொழிலின் நெருக்கடி மாதங்களையும் பாருங்கள். எனக்கு நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்கள், ஆவணிக் கல்யாணங்கள், பள்ளிக்கூடச் சீருடைக் காலம் எல்லாம் மூச்சு முட்டும். அந்த மாதங்களில் பொபின் போல வேலைக்குள்ளேயே அடங்கும் சவால்தான் சரிவரும்.

போனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரவு சார்ஜரைக் குசினியில் குத்துங்கள், விடிய முகம் கழுவிய பிறகு எடுங்கள். எழும்ப அலாரம் வேண்டும் என்றால் ஒரு சின்ன மணிக்கூடு வாங்கிக்கொள்ளலாம்.

மனதில் உள்ளதை எழுதும் மாதம்

இதைக் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற பேராசிரியர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், தங்கள் மனதைப் பாதித்ததை எழுதினார்கள். எழுதும்போது அவர்களுக்கு மனம் பாரமானது, பிறகு வந்த மாதங்களில் நோய் என்று வைத்தியரிடம் போனது குறைந்தது. அதன் பிறகு உலகம் முழுக்க இந்த முறை பேசப்படுகிறது.

ஆனால் எங்கள் ஊரில் கொப்பியைத் திறந்து "மனதைப் பாதித்தது" என்று எழுத உட்கார்ந்தால் 2004 மார்கழிக் கடல் வந்து நிற்கும். அதற்கு முந்திய யுத்த வருடங்களும் வரும். காணாமற் போனவர்கள் உள்ள வீடுகள் இங்கே இருக்கின்றன. ஆகவே தனியாக இருந்து அந்தப் பக்கங்களைத் திறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்றாட விஷயங்களோடு நிறுத்துங்கள்: இன்று எதற்குச் சிரித்தேன், எதற்குக் குரல் உயர்ந்தது, யாரைக் கண்டதும் ஆறுதலாக இருந்தது. எழுதும்போது பழையது பொங்கி வந்து கை நடுங்கினால் கொப்பியை மூடிவிட்டு நம்பிக்கையான ஒருவரிடம் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரை, சாப்பாடு, வேலை எல்லாம் குழம்பிப் போயிருந்தால் அது சவால் எடுத்துச் சரிசெய்யும் விஷயம் இல்லை. அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டலாம், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

தவறிய நாள்கள், போயா அன்று செய்வது

லண்டனில் பிலிப்பா லாலியும் அவரோடு சேர்ந்தவர்களும் 96 பேரைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வு 2010இல் அச்சில் வந்தது. ஒரு புதிய பழக்கம் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள் போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் விடுபட்டதால் பெரிய பின்னடைவு வரவில்லை. ஆக, ஒரு மாதத்தில் பழக்கம் ஊறிவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். தவறிய நாளுக்காக மறுநாள் இரட்டிப்பாகச் செய்யவும் வேண்டாம்.

கிண்ணியாவிலிருந்து துணி கொண்டு வரும் ஒரு பிள்ளை கேட்டது: "அக்கா, நோன்பு மாசம் பகல் முழுக்க ஒரு பிளேன்டீயும் இல்லாமல் இருக்கிறேன், ஒன்றும் செய்யிறதில்லை. பெருநாள் முடிஞ்சு ரெண்டு நாளில எல்லாம் பழையபடி. ஏன் அப்படி?"

"நோன்பில உங்களோட வீடே சேர்ந்து பிடிக்குது, தங்கச்சி. பெருநாள் முடிஞ்சா நீங்கள் தனி," என்றேன். பிறகு அந்தப் பிள்ளை தன் மாமியோடு சேர்ந்து சீனி மாதம் எடுத்தது. முடியுமானால் நீங்களும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே விதி தேவையில்லை, ஒரே போயா போதும். ஆளுக்கு ஒரு கொப்பி, மற்றவருடையதை வாசிக்கக் கேட்கக்கூடாது.

போயா அன்று வேறு நிறப் பேனையோடு முழு மாதத்தையும் வாசியுங்கள். தவறிய நாள்களுக்கு அடியில் கோடு போட்டு, அதற்கு முதல் நாள் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அந்த முதல் நாள் வரியில்தான் இருக்கும்: பிந்திப் படுத்தது, மத்தியானச் சாப்பாடு தவறியது, ஒரு போன் அழைப்பு. திரும்பத் திரும்ப வரும் சொல்லை வட்டமிடுங்கள். பிறகு மூன்றில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: இதைத் தொடர்வேன், குறைத்துத் தொடர்வேன், விடுவேன். விடுவதும் நல்ல முடிவுதான்.

இந்த முறை என் கொப்பியில் வட்டமிட்ட சொல் "பிந்தி". மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குப் போன நாள்களில் எல்லாம் அது இருக்கிறது. மூன்று நாள் அளவு எடுத்து முடித்துவிட்டேன். அடுத்த போயாவுக்கு விதியும் எழுதியாயிற்று: பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் கடை வாசலைக் கடக்கும்போது மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பேன். சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் இல்லை என்பதால் அந்த இரண்டு நாளுக்கு மட்டும் ஒன்றரை மணி.